நியூகேட் பெண்கள் ஜெயில், 1813 முதல் 1818 வரை: எலிசபெத் ஃப்ரை கேட்டதும் கேக்காம விட்டதும்

லண்டன்ல நியூகேட்னு ஒரு ஜெயில் இருந்துச்சு, 1902ல மூடி 1904ல இடிச்சுட்டாங்க, இப்ப அந்த இடத்துல ஓல்ட் பெய்லி கோர்ட் நிக்குது. அந்த ஜெயிலோட பெண்கள் பகுதிக்குள்ள 1813ல ஒரு குவேக்கர் அம்மா போனாங்க, நாலு வருஷம் கழிச்சு மறுபடி போனாங்க, 1818ல பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி உக்காந்து சாட்சி சொன்னாங்க. பேரு எலிசபெத் ஃப்ரை. இங்கிலாந்து அஞ்சு பவுண்டு நோட்டுல 2002ல இருந்து 2017 வரைக்கும் இருந்தது இவங்க படம்தான்.

இவங்களைப் பத்தி எழுதறவங்க பாதிப் பேரு 'கைதிகளின் தேவதை'ன்னு ஆரம்பிச்சு அங்கயே முடிச்சுடறாங்க, எனக்கு அது பத்தல. வேலை எப்படி நடந்துச்சு, எங்க பிடிச்சுது, எங்க சறுக்குச்சு, அதான் ஜெயில்ல, ஹோம்ல, முகாம்ல வேலை பாக்கறவங்களுக்கு வேணும். நான் கவனிச்ச வரைக்கும் உள்ள இருந்தவங்ககிட்ட வாயைத் திறந்து கேட்டுட்டு செஞ்சதெல்லாம் நின்னுச்சு, கேக்காம செஞ்சது ஆடுச்சு. ஒரே ஒரு விஷயம் இந்தக் கணக்குல அடங்காது, அதையும் எழுதியிருக்கேன்.

உள்ள இருந்த பொண்ணுங்க சில பேரோட பேரு பழைய பதிவுகள்ல இருக்கு. நான் போடல. அவங்க விருப்பப்பட்டு யாரும் இந்தக் கதைக்குள்ள வரல.

பின்னணி

குவேக்கர்னா கிறிஸ்தவத்துலயே தனி வழி. 1650கள்ல இங்கிலாந்துல கிளம்புனது. கோயில் கோபுரம் கிடையாது, சம்பள பாதிரியார் கிடையாது, எல்லாரும் ஒரு ஹால்ல அமைதியா உக்காந்திருப்பாங்க, யாருக்கு உள்ளருந்து பேசத் தோணுதோ அவங்க எந்திரிச்சு பேசுவாங்க, அது ஆம்பளையா இருந்தாலும் சரி பொம்பளையா இருந்தாலும் சரி. அந்தக் காலத்துல ஒரு பொம்பளை சபைல எந்திரிச்சு பேசறதுங்கறதே வேற எங்கயும் சாதாரணமா நடக்காத விஷயம், இங்க நடந்துச்சு. (நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்தப் பேரு புதுசுன்னா, மெட்ராஸ் வேப்பேரில பெண்டிங்க் ஸ்கூலுக்கு 1928ல டீச்சரா வந்து அப்புறம் காந்தியோட சேவாகிராம்ல வேலை பாத்த மார்ஜரி சைக்ஸும் குவேக்கர்தான்.) இன்னொண்ணு, ஆரம்ப கால குவேக்கர்கள் சத்தியப்பிரமாணம் எடுக்க மாட்டோம்னு நின்னு கும்பல் கும்பலா ஜெயிலுக்குப் போனவங்க, நியூகேட்லயும் கிடந்திருக்காங்க. அதனால ஜெயிலுங்கறது இவங்களுக்கு அடுத்தவன் வீட்டு சமாச்சாரம் இல்ல.

எலிசபெத் 1780ல நார்விச்ல பிறந்தவங்க. கர்னி குடும்பம், பேங்க் நடத்துன பணக்காரங்க. பன்னெண்டு வயசுல அம்மா போயிட்டாங்க. 1798ல, பதினேழு வயசுல, அமெரிக்காவுல இருந்து வந்த ஒரு குவேக்கர் பேசினதைக் கேக்கப் போனப்ப காலுல ஊதா கலர் பூட்ஸ், சிவப்பு லேஸ். போர் அடிக்கும்னு நினைச்சு போனவங்க திரும்பி வர்றப்ப வண்டில அழுதுகிட்டே வந்தாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கலர் டிரெஸ், டான்ஸ், பாட்டு எல்லாத்தையும் விட்டாங்க, ஊர் ஏழைப் பிள்ளைங்களை வீட்டு சலவை ரூம்ல கூட்டி வச்சு படிக்க சொல்லிக் கொடுத்தாங்க. இந்த சலவை ரூம் பள்ளிக்கூடத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

1800ல ஜோசஃப் ஃப்ரையை கல்யாணம் பண்ணி லண்டன் வந்தாங்க. 1811ல சபை இவங்களை போதகரா ஏத்துக்கிச்சு. 1813 ஆரம்பத்துல எட்டுப் பிள்ளைங்க.

1813: முதல் தடவை பாத்தது

அந்தக் குளிர்காலத்துல ஸ்டீபன் கிரெலெட்னு பிரான்ஸ்ல பிறந்த ஒரு குவேக்கர் நியூகேட்டைப் பாத்துட்டு நேரா ஃப்ரை வீட்டுக்கு வந்தாரு. பொறந்த குழந்தைங்க துணியே இல்லாம கிடக்குதுன்னு சொன்னாரு. இவங்க பிரசங்கம் பண்ணல, ஃபிளானல் துணி வாங்கிட்டு வரச் சொல்லி தெரிஞ்ச பொம்பளைங்களைக் கூட்டி குழந்தைச் சட்டை தைக்க ஆரம்பிச்சுட்டாங்க, தைச்சதை எடுத்துகிட்டு ஒரு தோழியோட ஜெயிலுக்குப் போனாங்க. வாசல்ல இருந்த ஆளுங்க, வாச்சை கழட்டி வச்சுட்டு போங்கம்மா, பிடுங்கிருவாங்கன்னு சொல்லிருக்காங்க. ஜெயில் அதிகாரியே அந்தப் பக்கம் தனியா போக யோசிப்பாராம்.

உள்ள சுமார் முந்நூறு பொண்ணுங்க, கூட அவங்க பிள்ளைங்க. ரெண்டு வார்டு, ரெண்டு செல், அவ்வளவுதான் இடம். தண்டனை ஆனவங்க, விசாரணை முடியாதவங்க, தூக்கு உறுதியானவங்க, சின்னத் திருட்டுல மாட்டுன சின்னப் பொண்ணுங்க, எல்லாம் ஒண்ணா. படுக்கறது, சமைக்கறது, துவைக்கறது எல்லாம் ஒரே இடம். படுக்க பாய்கூட இல்ல, வெறுந்தரை. கம்பி வழியா பிச்சை வாங்க குச்சி நுனில மரக்கரண்டியக் கட்டி நீட்டுவாங்க, கரண்டில விழற காசுக்கு அடிதடி, அந்தக் காசு போறது ஜெயிலுக்குள்ளயே விக்கிற பீருக்கு. ஆமா, ஜெயிலுக்குள்ளயே பீர் வித்தாங்க.

ஒரு மூலைல ரெண்டு பொண்ணுங்க ஒரு செத்த குழந்தை மேல இருந்த துணியைக் கழட்டி உயிரோட இருக்கற குழந்தைக்கு மாட்டிகிட்டு இருந்தாங்க. இது பதிவுல இருக்கற விஷயம், நான் மசாலா சேக்கல. வெளில இருந்து பாக்கறவனுக்கு இது கொடூரம். உள்ள நின்னு பாத்தா, அந்தக் குளிர்ல ஒரு தாய் எடுக்கக்கூடிய ஒரே புத்திசாலித்தனமான முடிவு அதுதான். கிரெலெட் சொன்னது இதுதான்னு ஃப்ரைக்கு அப்பத்தான் உறைச்சிருக்கும்.

மொத்தம் மூணு தடவை போனாங்க. துணி கொடுத்தாங்க, நோயாளிங்களுக்கு வைக்கோல் போட்டாங்க, கடைசி தடவை முழங்கால் போட்டு ஜெபம் பண்ணாங்க. அவ்வளவுதான்.

இடைவெளி

அப்புறம் கிட்டத்தட்ட நாலு வருஷம் போகல. இதை நிறைய பேரு ஒரு வரில தாண்டிடறாங்க. நடுவுல ரெண்டு பிரசவம், உடம்பு முடியாம போனது, புருஷனோட பேங்க்ல பணக் கஷ்டம், 1815 நவம்பர்ல அஞ்சு வயசு நிறையாத ஒரு பொண்ணு குழந்தை செத்துப்போனது. ஒரு மனுஷி என்னதான் செய்யும். ஆனா ஜெயில் பக்கம் இருந்து பாருங்க, யாரோ வந்தாங்க, துணி கொடுத்தாங்க, போயிட்டாங்க, வரவே இல்ல. 1813ல அவங்ககூட ஒரு குழு இல்லாததுதான் பிரச்சனை. அவங்க வீட்டுல ஒரு கஷ்டம்னா வேலை மொத்தமா நின்னுபோற நிலைமை.

1816 வாக்குல பெரிய பிள்ளைங்க சில பேரை நார்ஃபோக்ல (நார்விச் இருக்கற மாவட்டம்) இருந்த கூடப்பொறந்தவங்க வீட்டுலயும் ஸ்கூல்லயும் விட்டாங்க, அதுக்கப்புறம்தான் கை காலியாச்சு. பிள்ளைங்களை விட்டுட்டு ஜெயிலுக்குப் போறாளேன்னு பின்னாடி திட்டும் வாங்கினாங்க. இதே வேலையை ஒரு ஆம்பளை பண்ணிருந்தா யாரும் பிள்ளைங்களைப் பத்தி கேட்டிருக்க மாட்டாங்க.

மறுபடி போனப்ப எடுத்த முடிவுகள்

1816 கடைசில, கிறிஸ்துமஸ் சமயத்துல, திரும்பவும் போனாங்க. இந்த தடவை தன்னை மட்டும் உள்ள விட்டு கதவைச் சாத்தச் சொன்னாங்க. வார்டன் பின்னாடி நிக்காம உள்ள போறதுங்கறது அந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு சேதி, இந்தம்மா ஜெயில்காரங்க ஆள் இல்லன்னு. உள்ள போய் அங்க இருந்த ஒரு குழந்தையத் தூக்கிகிட்டு, இந்தப் பிள்ளைங்களுக்கு நாம சேந்து ஏதாவது பண்ண முடியுமான்னு கேட்டாங்க. பாவம், மனந்திரும்புன்னு எல்லாம் ஆரம்பிக்கல. அவங்களும் தாய், இவங்களும் தாய், அங்க இருந்து பேச்சு ஆரம்பிச்சுது. பைபிள்ல திராட்சைத் தோட்டத்துக்கு கடைசி நேரத்துல வந்த கூலியாளுக்கும் முழுக் கூலி கொடுக்கற கதையை வாசிச்சாங்க. அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததுலயே ஒரு கணக்கு இருக்கு.

ஜெயிலுக்குள்ள பள்ளிக்கூடம்னு முடிவாச்சு. டீச்சர் யாருன்னு வெளில இருந்து கொண்டு வரல, நீங்களே சொல்லுங்கன்னு கைதிகள்கிட்ட விட்டாங்க. வாச்சு திருடின கேஸ்ல உள்ள வந்த, கொஞ்சம் படிச்ச ஒரு இளம்பொண்ணை அவங்க தேர்ந்தெடுத்தாங்க, அது ரொம்ப நல்லா பாத்துக்கிச்சு. (பின்னாடி அந்தப் பொண்ணுக்கு மன்னிப்பு கிடைச்சுது, ஆனா காசநோய்ல சீக்கிரமே செத்துப்போச்சு.) இடம் இல்லன்னு அதிகாரிங்க சொன்னாங்க. ஒரு காலி செல் இருந்துச்சு, அது போதும்னாங்க. நார்விச் சலவை ரூம்ல பள்ளிக்கூடம் நடத்துனவங்களுக்கு காலி செல் ஒரு குறையா.

பள்ளிக்கூடம் பிள்ளைங்களுக்கும் சின்னப் பொண்ணுங்களுக்கும்தான். வயசானவங்க வாசல்ல வந்து நின்னு, எங்களையும் சேத்துக்கங்க, எங்களுக்கும் ஏதாவது கத்துக்கொடுங்கன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. தையல் வேலைத் திட்டம் வந்தது இதுலருந்துதான். ஃப்ரை வீட்டுல உக்காந்து போட்ட பிளான் இல்ல அது.

ஷெரிஃப், ஜெயில் அதிகாரி, ஜெயில் பாதிரியார் மூணு பேரும் நல்ல எண்ணம்தான், ஆனா உருப்படாதுன்னாங்க. துணி கொடுத்தா திருடி வித்துருவாங்கன்னு நேராவே சொன்னாங்க. 1817 ஏப்ரல்ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, நியூகேட் பெண் கைதிகள் முன்னேற்றத்துக்குன்னு. பன்னெண்டு பேரு, ஒரு பாதிரியாரோட மனைவியைத் தவிர எல்லாரும் குவேக்கர். தினமும் யாராவது ஒருத்தர் ஜெயில்ல இருக்கணும்ங்கறது ஒப்பந்தம். 1813ல இல்லாதது இதுதான். மேட்ரன், அதாவது பொண்ணுங்களைக் கண்காணிக்கற அம்மா, ஒருத்தரை வச்சாங்க, அவங்க சம்பளத்தை முதல்ல சங்கமே கொடுத்துச்சு.

கை தூக்கின அன்னைக்கு

ஒரு ஞாயித்துக்கிழமை எழுபது பேருக்கிட்ட பொண்ணுங்களைக் கூட்டி, அதிகாரிங்க முன்னாடி வச்சே, நாங்க ரூல் போட்டா நடப்பீங்களான்னு கேட்டாங்க. எல்லாரும் சரின்னாங்க. அந்த 'சரி'யோட விட்டிருந்தா அது வழக்கமான மீட்டிங் ஆயிருக்கும், மேடைல இருக்கறவன் கேட்டா கீழ இருக்கறவன் தலையாட்டறது. அப்புறம் இன்னொரு நாள் சங்கத்து அம்மாக்கள் எல்லாரும் வந்து ரூலை ஒவ்வொண்ணா வாசிச்சு, இதுக்கு சம்மதம்னா கையத் தூக்குங்கன்னு கேட்டாங்க. பிச்சை எடுக்கக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, சூதாட்டம் சீட்டாட்டம் கூடாது, பன்னெண்டு பேருக்கு மிகாத குழு, குழுவுக்கு ஒரு மானிட்டர். மானிட்டர் பேரு சொன்னப்பவும் கை தூக்கச் சொன்னாங்க.

1817ல இங்கிலாந்துல எந்தப் பொம்பளைக்கும் பார்லிமென்ட் எலெக்‌ஷன்ல ஓட்டு கிடையாது, ஃப்ரை அம்மாவுக்கே கிடையாது. அப்படிப்பட்ட ஒரு நாட்டுல, தண்டனை வாங்கி ஜெயில்ல இருக்கற பொண்ணுங்க அவங்களைக் கட்டுப்படுத்தற சட்டத்துக்கு ஒவ்வொரு வரிக்கும் கை தூக்கறாங்க. ஆச்சரியம் என்னன்னா குவேக்கர் சபைல ஓட்டே கிடையாது, எல்லாருக்கும் ஒத்துவர்ற வரைக்கும் உக்காந்து பேசுவாங்க. இங்க கை தூக்கறதை எதுக்கு எடுத்தாங்கன்னா, என் யூகம், அமைதியா உக்காந்து முடிவெடுக்க அந்த வார்டுல யாருக்கும் பழக்கம் இல்ல, கை தூக்கறது எல்லாருக்கும் புரியும்.

சீட்டு விஷயம் மட்டும் தனியா சொல்லணும். ரூல் போட்ட பிறகும் சீட்டாட்டம் நடக்குதுன்னு தெரிஞ்சுது. சோதனை போடல. சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து கொடுத்தா சந்தோஷப்படுவேன், யார் கொடுத்தாங்கன்னு வச்சு எதுவும் பண்ண மாட்டேன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. ஒண்ணு ஒண்ணா அஞ்சு கட்டு வந்துச்சு.

என்ன ஆச்சு

பத்து மாசத்துல கிட்டத்தட்ட 20,000 துணிகள் தைச்சாங்க. மாசம் அறுபதுல இருந்து நூறு ஜோடி காலுறை பின்னினாங்க. ஆஸ்திரேலியாவுக்கு கைதிகளுக்கு துணி அனுப்புற ஒரு லண்டன் கம்பெனிகிட்ட போய் ஃப்ரை நேரா சொல்லிட்டாங்க, உங்க பிசினஸ்ல கொஞ்சம் எனக்கு வேணும்னு, அவங்களும் கொடுத்தாங்க. கூலி கொஞ்சம்தான், ஆனா கூலி, தர்மம் இல்ல. திருடிருவாங்கன்னு சொன்ன அதிகாரிங்க வாயடைச்சு போனாங்க. லண்டன் மேயர் வந்து பாத்தாரு, கார்ப்பரேஷன் இந்த ஏற்பாட்டை நியூகேட்டோட அதிகாரப்பூர்வ ஏற்பாடா ஏத்துக்கிச்சு, மேட்ரன் செலவுலயும் ஒரு பங்கு கொடுத்துச்சு.

1818 பிப்ரவரி 27, பார்லிமென்ட் கமிட்டி கூப்பிட்டு கேட்டுச்சு. 1823ல வந்த ஜெயில் சட்டத்துல பெண் கைதிகளை பெண் ஊழியர்தான் பாத்துக்கணும்னு வந்துச்சு. அந்தச் சட்டத்தை யாரு கண்காணிக்கறதுன்னு எழுதாம விட்டாங்க, இன்ஸ்பெக்டர்கள் வந்தது 1835லதான், அதனால பல ஊர் ஜெயில்ல சட்டம் பேப்பர்லயே கிடந்துச்சு.

எங்க பிடிக்கல? விசாரணைக் கைதிகள் பக்கம். அதே ரூல், அதே தையல், அதே அம்மாக்கள், ஆனா அவங்க ஒட்டவே இல்ல. இன்னைக்கு நாளைக்கு வெளில போயிருவோம்னு இருக்கறவ எதுக்கு உக்காந்து தைக்கப் போறா, அவ மண்டை முழுக்க கேஸ்தான். சங்கமே இதை ஒத்துக்கிச்சு. ரிமாண்ட்ல இருக்கறவளுக்கு என்ன வேணும்னு கேட்டிருந்தா ஊசி நூல்னு சொல்லிருக்க மாட்டா.

தூக்கு

இதுதான் அந்தக் கணக்குல அடங்காதது. அப்ப இங்கிலாந்துல இருநூறுக்கு மேல குற்றங்களுக்கு தூக்கு. போர் செலவுக்காக 1797ல இருந்து நோட்டுக்குப் பதிலா தங்கம் கொடுக்கறதை நிறுத்திட்டு பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஒரு பவுண்டு, ரெண்டு பவுண்டு நோட்டா அடிச்சு விட்டுச்சு. லேசா காப்பியடிக்கலாம், அதனால கள்ள நோட்டு நிரம்பிடுச்சு, கைல வச்சு மாத்துன ஏழைங்கதான் மாட்டுனாங்க.

1818ல ஒரு பொண்ணு, முன்னாடி ஒரு நல்ல வீட்டுல வேலைக்காரியா இருந்தது, புருஷன் சொன்னான்னு கள்ள நோட்டு மாத்தி மாட்டிகிச்சு. சின்னக் குற்றச்சாட்டை ஒத்துக்கிட்டா நாடுகடத்தலோட போயிருக்கும், குற்றமே பண்ணலன்னு சொல்லிருச்சு, தூக்கு விழுந்துச்சு. ஃப்ரை ராஜ குடும்பத்து டியூக் ஒருத்தரையே ஜெயிலுக்கு கூட்டிகிட்டு வந்து காட்டுனாங்க, பேங்க் டைரக்டர்கள்கிட்ட பேச வச்சாங்க, கடைசில உள்துறை மந்திரி சிட்மவுத் பிரபுகிட்ட நேர்ல போனாங்க. அவரு கடுப்பாயிட்டாரு, பேச்சு முறிஞ்சு போச்சு. ஏப்ரல் 24 அன்னைக்கு அந்தப் பொண்ணைத் தூக்குல போட்டுட்டாங்க. அதே மாசக் கடைசில லண்டன் மேயரோட மாளிகையான மேன்ஷன் ஹவுஸ்ல நடந்த விழாவுல சார்லட் ராணி எல்லார் முன்னாடியும் ஃப்ரைகிட்ட வந்து பேசுனாங்க, கூட்டம் கை தட்டுச்சு. ஒரே வாரத்துக்குள்ள இது ரெண்டும்.

மந்திரிகிட்ட உறவு கெட்டுப்போனதுனால மத்த கைதிகளுக்குப் பேசற வழியும் கொஞ்ச காலம் அடைபட்டுச்சு. அப்ப போகாம இருந்திருக்கணுமா? எனக்கு அப்படி சொல்ல மனசு வரல. தினமும் பாத்து பேசின பொண்ணு அது. கள்ள நோட்டு, போலிக் கையெழுத்துக்கு தூக்குங்கறது 1837லதான் முழுசா போச்சு.

கப்பல் ஏத்தறப்ப

ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தற பொண்ணுங்களை விலங்கு மாட்டி திறந்த வண்டில ஏத்தி, ரோட்டுல கூட்டம் கேலி பண்ண கொண்டு போவாங்க. அந்த அவமானம் தாங்காம முந்தின ராத்திரி ஜெயிலையே அடிச்சு நொறுக்குவாங்க. ஃப்ரை அதிகாரிகிட்ட மூடுன வண்டி கேட்டாங்க, பொண்ணுங்ககிட்ட, நீங்க அமைதியா வந்தா நானும் கூடவே வர்றேன்னாங்க. 1818ல மரியாங்கற கப்பலுக்கு அப்படித்தான் போனாங்க, இவங்க வண்டி பின்னாடியே போச்சு. கப்பல்ல 128 பேரு, குழு பிரிச்சு மானிட்டர் போடற அதே ஏற்பாடு. ஊசி, நூல், ஒட்டுத்துணி மூட்டை கொடுத்து விட்டாங்க, வழியெல்லாம் தைச்சுகிட்டு போக. 1841ல 180 பொண்ணுங்களோட போன ராஜாங்கற கப்பல்ல அப்படி தைச்ச போர்வை ஒண்ணு இன்னைக்கும் கான்பெராவுல ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துல இருக்கு, 2,815 துண்டு.

ஆனா கரை இறங்குன பிறகு தங்க இடமே இல்லைன்னு ஆஸ்திரேலியாவுல பரமட்டா ஊர் பாதிரியார் கடிதம் போட்டு ஃப்ரைக்கு சொல்ல வேண்டி வந்துச்சு. கப்பல் வரைக்கும் யோசிச்சவங்க அந்தப் பக்கம் யோசிக்கல.

எதை மாத்தியிருக்கலாம்

குழு விஷயம் சொல்லிட்டேன், 1813லயே பன்னெண்டு பேரு இருந்திருந்தா நாலு வருஷம் வீணாயிருக்காது. அதை மறுபடி மறுபடி பேச ஒண்ணும் இல்ல.

என்னை உறுத்தறது வாசிப்பு. ஃப்ரை குரல் நல்ல குரலாம், அவங்க பைபிள் வாசிக்கறதைக் கேக்க லண்டன் பெரிய மனுஷங்க, வெளிநாட்டு தூதர்கள், பாதிரியார்கள் எல்லாம் நியூகேட்டுக்கு வர ஆரம்பிச்சாங்க. பொண்ணுங்க நீல ஏப்ரன் கட்டி வரிசையா உக்காந்திருப்பாங்க, எதிர்ல பட்டு உடுத்துனவங்க கண்ணைத் துடைச்சுக்குவாங்க. இதனால ஆதரவு வந்துச்சு, பணம் வந்துச்சு, மறுக்க முடியாது. ஆனா சீட்டுக்கட்டுக்கே கேட்டு வாங்கினவங்க, ரூலுக்கு ஒவ்வொரு வரியா கை தூக்கச் சொன்னவங்க, இதுக்கு மட்டும் கேட்டதா நான் எங்கயும் படிக்கல. வேடிக்கை பாக்க வர்றவங்க முன்னாடி உக்கார சம்மதமான்னு கேட்டு கை தூக்கச் சொல்லிருந்தா எத்தனை கை மேல வந்திருக்கும்? கம்பிக்கு வெளில நின்னு கரண்டில காசு போட்ட கூட்டம் இப்ப உள்ள வந்து நாற்காலில உக்காந்துகிச்சு, அந்தப் பொண்ணுங்க இடத்துல இருந்து பாத்தா வித்தியாசம் அவ்வளவுதான்.

1835க்கு அப்புறம் வந்த இன்ஸ்பெக்டர்கள் நியூகேட்டைக் கிழிச்சு எழுதுனாங்க, பார்வையாளர் கூட்டத்தையும் விடல. ஆனா அவங்க வச்சிருந்த மாத்து வழி தனிமைச் சிறை, ஒருத்தரை ஒருத்தர் பாக்காம பேசாம அடைச்சு வைக்கறது. ஃப்ரை அதை கடைசி வரைக்கும் எதிர்த்தாங்க, மனுஷனை மனுஷன்கிட்ட இருந்து பிரிச்சா திருந்த மாட்டான், பைத்தியம் பிடிக்கும்ங்கறது அவங்க கட்சி. அதுக்குள்ள அவங்க பேச்சுக்கு எடை குறைஞ்சுபோச்சு. 1828ல புருஷனோட பேங்க் திவாலாச்சு, சபை அவரை வெளியேத்துச்சு, பெரிய வீட்டை விட்டு வர வேண்டி வந்துச்சு. 1845 அக்டோபர் 12, ராம்ஸ்கேட்ல இறந்தாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி, 1842ல, லண்டன்ல பென்டன்வில் திறந்திருந்தாங்க, ஆளுக்கு ஒரு செல்னு கட்டுன ஜெயில். நாடு முழுக்க அதைப் பாத்துத்தான் ஜெயில் கட்டுனாங்க.